கைமாற்று மாத்திரை

போர்ட் பிளேரில் கப்பல் தாமதமானால் முதலில் காணாமல் போவது வெங்காயம். அடுத்து உருளைக்கிழங்கு. அதற்கப்புறம் மனிதர்களின் கூச்சம். மின்னி பே என்ற பகுதியில் கடலைப் பார்த்துச் சரியும் அந்தச் சின்னத் தெருவில், யார் வீட்டுக் குழம்பில் யார் வீட்டுப் புளி கொதிக்கிறது என்பது புளிக்கே தெரியாது. இட்லி அரிசி, கேஸ் சிலிண்டர், குடை, மாத்திரை எல்லாமே கைமாற்றுதான். ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோய், மருந்துக் கடைக்காரர் அடுத்த கப்பலில்தான் வரும் என்று கையை விரித்துவிட்டால் அங்கே யாரும் பதறுவதில்லை. மூன்றாவது வீட்டில் அதே நிறத்தில் மாத்திரை இருக்கும். வாங்கிப் போட்டுக்கொண்டு, கப்பல் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மில்லிகிராம் என்ன என்று கேட்பவர்கள் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று அர்த்தம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கெல்லாம் யாரும் தேர்ந்தெடுக்காத தலைவி சந்திரமதி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "இல்லையே அக்கா" என்று யாராவது இழுத்தால், அலமாரியில் எந்தத் தட்டில் எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவளே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது வீட்டு ஆரோக்கியசெல்வியின் படியேறியது வெங்காயத்துக்காக அல்ல. புற்றுநோய் மாத்திரைக்காக.

சொல்லப்போனால், அந்தத் தெருவில் நுரையீரலில் புற்று வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேர் என்று ஆனபின் யாருடையது உசத்தி என்று பேசாமல் இருக்க முடியுமா? முதலாமவர் உதயசூரியன். ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து குடியேறியவர். பீடிப் பிரியர். சென்னையில் அவருடைய நுரையீரலில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். வருஷங்கள் ஆகிவிட்டன, மனிதர் இன்னும் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டாமல் ஒருவருக்கும் டீ வாங்கிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, ஆரோக்கியசெல்வி. கணவன் தாமஸ் தன் டோங்கிப் படகில் கொண்டுவரும் மீனை ஜங்லிகாட் சந்தையில் விற்பவள். சிகரெட்டைக் கையால்கூடத் தொடாதவள். இருமல் வந்தபோது சளி என்றார்கள், சளி போகாதபோது டிபி என்றார்கள். கடைசியில் புற்று என்று தெரிந்ததும் தெரு முழுக்கத் தாமஸின் வாயிலிருந்த பீடியைப் பார்த்தது. அவன் அன்றோடு அதை விட்டுவிட்டான். அதற்கான பாராட்டு இன்னும் வந்து சேரவில்லை. செல்விக்குக் கத்தியும் கிடையாது, கீமோ மருந்தேற்றும் டிரிப்பும் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். முகத்தில் பரு மாதிரி கொஞ்சம் சிவப்பு வந்ததோடு சரி. கொஞ்ச நாளிலேயே மீன்கூடையோடு சந்தையில் நின்று வங்காளிகளிடம் ஹிந்தியிலும் தெலுங்குக்காரர்களிடம் கையாலும் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தலைமுடி அப்படியே, மல்லிகைச் சரத்தோடு.

மூன்றாவது, சந்திரமதியின் கணவர் பன்னீர்செல்வம். அரசாங்க ஸ்டோரில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஸ்டோருக்குள் முதலில் மீசை வரும், பின்னால்தான் அவர் வருவார். சிகரெட் பற்றவைக்க அவருக்குத் தீக்குச்சி தேவைப்பட்டதில்லை. பழையது புதியதைப் பற்றவைத்துவிடும். சென்னையில் பரிசோதித்துவிட்டு 'ஸ்மால் செல்' வகை என்று சொன்னபோது, "ஸ்மாலா? நல்லாப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாராம். வியாதியில்கூடச் சின்னதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

அவருக்கு அறுவைச் சிகிச்சை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். டிரிப்பு, கூடவே கதிர்வீச்சு. கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது, மிச்ச டிரிப்பை போர்ட் பிளேரிலேயே ஏற்றிக்கொள்ளலாம், குறித்த நாளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த டிரிப்பு இந்த வியாழக்கிழமை.

கட்டி கரைந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மீசை கரைந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பன்னீர்செல்வம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு "இன்ஃபெக்‌ஷன் வந்துரக் கூடாதுல்ல" என்று சொல்லிக்கொண்டார். மூக்குக்குக் கீழே அவர் எதை மறைக்கிறார் என்பது தெருவுக்குத் தெரியும். தெரியாததுபோல் நலம் விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை குளியலறைக் கண்ணாடி முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சந்திரா! ஓடியா. தொட்டுப் பாரு."

"என்னத்த?"

"முளைச்சிருச்சுடி."

சந்திரமதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவருடைய மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள். "ஆமா. எறும்பு ஊர்றாப்ல இருக்கு."

"இன்னும் ரெண்டு மாசத்துல யானை ஊரும் பாரு. வியாழக்கிழமை டிரிப்பு கேன்சல்."

"கேன்சலா? இது என்ன ஹேவ்லாக் போற ஃபெர்ரி டிக்கெட்டா?"

"செல்வி மாதிரி நானும் மாத்திரை போட்டுக்கிறேன். அவளுக்கும் லங்ஸ், எனக்கும் லங்ஸ். அவளுக்குக் கேட்ட மருந்து எனக்கு மட்டும் கேக்காதா? பங்குனி உத்திரத்துக்குக் கோயில் கமிட்டில நான் இந்த மொட்டை மூஞ்சியோட போயி உக்கார மாட்டேன். அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு."

சந்திரமதி வழக்கமாக இதற்கெல்லாம் அரை மணி நேரம் சண்டை போடுவாள். அன்று போடவில்லை. டிரிப்பு ஏற்றி வந்த நாட்களில் வாளியைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து உட்கார்ந்திருந்த கோலம் அவளுக்கும் வெறுத்துப்போயிருந்தது. அந்த முதுகைத் தடவும்போதெல்லாம் எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்கு அகப்பட்டது. இந்த மனுஷன் போய்விட்டால் மிச்சக் காலம் யாரோடு சண்டை போடுவது என்ற பயம் அவளுக்கு இருந்தது. வெளியில் சொன்னால் அவர் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார் என்பதால் சொன்னதில்லை. ஒரு மாத்திரையில் காரியம் முடியுமென்றால் எதற்கு வாளி?

ஆக, செவ்வாய்க்கிழமை காலை அவள் செல்வி வீட்டுப் படியேறினாள்.

செல்வி முற்றத்தில் உட்கார்ந்து சூரை மீனைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. அண்ணாச்சி எப்டி இருக்காவ?"

"அவுகளுக்கென்ன, மீசை முளைச்சிருச்சுன்னு டான்ஸ் ஆடுறாக. செல்வி, ஒரு மாத்திரை அட்டை குடேன்."

"பிபி மாத்திரையா? அது தீந்துபோச்சேக்கா."

"அது இல்லடி. ஒன்னோடது. லங்ஸுக்குப் போடுறது."

செல்வியின் கத்தி பாதி மீனில் நின்றது. "அக்கா, அது வெங்காயம் இல்லியே."

"கப்பல் வராத நாள்ல வெங்காயத்தையே குடுத்தவ நீ. கோவிட் சமயத்துல எங்க வீட்டு சுகர் மாத்திரைய ஒங்க அம்மாவுக்கு வாங்கிட்டுப் போனது யாரு?"

"நாந்தான்."

"நான் ஏன் எதுக்குன்னு கேட்டனா?"

கேட்கவில்லை என்பது உண்மை. பொதுவாக எல்லாவற்றையும் கேட்கும் சந்திரமதி அன்று அதை மட்டும் கேட்கவில்லை என்பதும் உண்மை. செல்வி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மாதா படத்துக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அடுத்த மாசத்து மாத்திர சென்னையிலேர்ந்து ஆள் கையில வரணும்க்கா. எப்ப வருமோ."

"அதெல்லாம் வந்துரும். இவுகளுக்கும் சீட்டு எழுதி வாங்கி ஒனக்கு அப்படியே திருப்பிடுறேன். நான் என்னிக்காச்சும் திருப்பாம இருந்திருக்கேனா?"

செல்வி ஒரு அட்டையை நீட்டினாள். சந்திரமதி ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைச் செல்வி விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. சந்திரமதி அதைக் கவனித்தாள். கவனித்ததை உடனே மறந்தாள். தனக்கு ஆகாததை மறப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

அட்டை பன்னீர்செல்வம் வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் விபூதித் தட்டில் ஏறியது. உடனே பிரித்து வாயில் போட்டுக்கொள்ளத்தான் அவர் கையை நீட்டினார். "புது மருந்த நல்ல நாள் பாத்து ஆரம்பிக்கணும். வெள்ளிக்கிழமை" என்று சந்திரமதி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவளுடைய நல்ல நாள் பைத்தியத்தால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது.

சாயங்காலம் உதயசூரியன் நலம் விசாரிக்க வந்தார். கேட்பதற்கு முன்பே பொத்தான் கழன்றது. "அறுக்கலியா? அப்ப அது கேன்சரே இல்லப்பா. வேற ஏதோ. இந்தா, இதுக்குப் பேரு கேன்சர்" என்று தழும்பைக் காட்டினார். பன்னீர்செல்வத்துக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. காபி கொடுத்து அனுப்பினார்.

புதன்கிழமை செல்விக்கு ஆஸ்பத்திரியில் மாதாந்தரப் பார்வை. "தொணைக்கு நானும் வர்றேன்" என்று சந்திரமதி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்ற ஒரே சந்தேகம்தான் அவளுக்கு மிச்சமிருந்தது.

டாக்டர் மலையாளி. சின்ன வயசு. தீவுக்கு வந்து ஹிந்தி கற்றுக்கொண்டு, ஹிந்தி வழியாகத் தமிழுக்கு வந்தவள். வயதான பெண்கள் எல்லாரும் அவளுக்கு 'மாஜி', அதாவது ஹிந்தி அம்மா. சந்திரமதிக்கு அது பிடிக்காது. முடிக்குச் சாயம் போடுவதே யாரும் அப்படிக் கூப்பிடாமல் இருக்கத்தானே?

செல்வியைப் பார்த்து முடித்ததும் சந்திரமதி நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். "டாக்டரம்மா, இந்த மாத்திரைய எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன்ன குடுக்கவா, பின்ன குடுக்கவா?"

"எந்த மாத்திரை, மாஜி?"

"செல்வியோடதுதான்."

டாக்டரின் பேனா நின்றது. அவள் செல்வியைப் பார்த்தாள். செல்வி மின்விசிறியைப் பார்த்தாள்.

"குடுத்தாச்சா?"

"இல்ல, வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள்."

"அச்சா. ரொம்ப நல்ல நாள்" என்றாள் டாக்டர், மூச்சை விட்டபடி. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மாஜி, ரெண்டு பேருக்கும் லங்ஸ். சரி. ஆனா ஒரே நோய் இல்ல. கட்டியில இருந்து துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தமே, எதுக்கு? எந்த ஜாதி செல்லுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு. அது தெரியாம மருந்து கிடையாது."

டாக்டர் சொன்னதைச் சந்திரமதி பிற்பாடு தெருவில் சொன்ன விதம் இது. அதில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நுரையீரல் புற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று ஸ்மால் செல், மற்றது அது இல்லாதது. இரண்டாவது குடும்பத்தில்தான் கூட்டம். நூறு பேருக்கு வந்தால் எண்பத்தைந்து பேருக்கு அதுதான். அதற்குள்ளேயும் கிளைகள் உண்டு. மூச்சுக்குழாயின் பெரிய கிளைகளை ஒட்டி உட்காரும் ஒரு வகைக்கு ஸ்குவாமஸ் என்று பேர். புகைக்கிறவர்களைத் தேடித்தான் பெரும்பாலும் வரும், பரவுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் அறுத்து எடுக்கலாம். டாக்டர் யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகத்தான் சொன்னாள். "உதயசூரியன்" என்று சந்திரமதி உடனே பேர் வைத்துவிட்டாள். இன்னொரு கிளை அடினோ கார்சினோமா. நுரையீரலின் ஓரங்களில் சளி சுரக்கும் செல்களில் தொடங்குவது. சிகரெட்டையே பார்க்காத பெண்களுக்கும் வரும். அவர்களில் பலருக்கு அந்த செல்லுக்குள் ஒரு ஜீன் மாறிப்போய், அணையாத ஸ்விட்ச் மாதிரி நின்றுவிட்டிருக்கும். இந்த மாத்திரை போய் அந்த ஸ்விட்ச்சை அமுக்கி வைக்கும்.

"எங்க வீட்டுக்காரருக்கு அந்த ஸ்விட்சு?"

"அவர் நோய்ல அது இல்ல மாஜி. இல்லாத ஸ்விட்ச்ச மாத்திரை எப்படி அமுக்கும்? வயித்தக் கலக்கும், முகத்துல பரு வரும். கட்டி பாட்டுக்கு வளரும்."

"அப்ப இவுகளுக்கு வந்தது?"

"ஸ்மால் செல்தான் எல்லாத்துலயும் அவசரக்காரன். சிகரெட் இல்லாத ஆளுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். வேகமா வளரும், சீக்கிரம் பரவும். அதனாலதான் கத்தி வைக்கறது கம்மி. ஆனா வேகமா வளர்றத அடிக்கறதுதான் டிரிப்புக்கு வேலை. அதான் அவர் கட்டி அவ்வளவு சீக்கிரம் சுருங்குச்சு."

"மீசையும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "முடியும் வேகமா வளர்றதுதானே? டிரிப்புக்கு அது வேற இது வேறன்னு தெரியாது." பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவருக்கு நெஞ்சுல ஒரு பக்கத்துல மட்டும்தான் இருந்தது. முழுசாத் துடைச்சு எடுக்கத்தான் பாக்குறோம். எடுத்துருவோம்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா நடுவுல நிறுத்தினா, போன வேகத்துலயே திரும்பி வரும். நாளைக்கு அவர் வரலேன்னா நானே ஒங்க வீட்டுக்கு வருவேன்."

"அப்ப செல்விக்கு வந்ததுதான் நல்ல கேன்சர், என்ன?" என்று எழுந்துகொண்டே கேட்டாள் சந்திரமதி. பொறாமைதான். வேறென்ன?

டாக்டர் செல்வியைப் பார்த்தாள். "கைமாற்று இனிமே கிடையாது, செல்வி. ஒரு நாள் விடக் கூடாது. தெரியும்ல?"

திரும்பும் வழியில் ஆட்டோ கடலோரமாக வந்தது. செல்வி வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"நல்ல கேன்சர்னு கேட்டீயள்ல, அக்கா. எனக்கு எலும்புக்கும் போயிருச்சு. முதுகுல ரெண்டு எடத்துல. கண்டுபிடிக்கும்போதே போயிருந்துச்சு."

சந்திரமதிக்கு ஆட்டோ நின்றுவிட்டதுபோல இருந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தொடைச்சு எடுக்க முடியாதாம். இந்த மாத்திர அதக் கட்டிப் போட்டு வச்சிருக்கு. கட்டு எம்புட்டு நாள் தாங்குதோ அம்புட்டு நாள். பொறவு வேற மாத்திர பாப்பாவளாம்."

"இத ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியேக்கா. மாத்திரையத்தான் கேட்டீங்க."

மின்னி பேயில் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை உருளைக்கிழங்கு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த சந்திரமதிக்கு, மூன்றாவது வீட்டுக்காரியின் முதுகில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போயிருந்தது. அவள் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாசனை அடிக்கும் கை. வீடு வரும்வரை விடவில்லை. பேசவும் இல்லை. ஆட்டோக்காரரே ஆச்சரியப்பட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் பன்னீர்செல்வம் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னா டாக்டரு? முன்னயா, பின்னயா?"

சந்திரமதி அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு மேலுதட்டைத் தடவினாள். "திங்கக்கிழமைக்கு இன்னைக்கி வளந்துதான் இருக்கு."

"பாத்தியா!"

"இது வளர்றாப்லதான் அதுவும் வளருமாம்."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஒங்க வியாதி அவசரக்கார வியாதியாம். ஒங்கள மாதிரியே. டிரிப்புக்கு மட்டுந்தான் பயப்படுமாம். செல்வி மாத்திரைய நீங்க முழுங்குனா அது உள்ள உக்காந்து சிரிக்குமாம்."

"அப்டியா டாக்டர் சொன்னா?"

"சிரிக்கும்னு நான் சொல்றேன். மிச்சத்த டாக்டர் சொன்னா." அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். செல்விக்கு எலும்பில் இருப்பதைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தெருவுக்குக் கேட்காத குரலாக இருந்தது. "அவளுக்குக் கட்டிப் போட்டுத்தான் வைக்க முடியுமாம். ஒங்களுக்குத்தான் தொடைச்சு எடுக்கப் பாக்குறாக. ஊரே பாத்துப் பொறாமப்பட வேண்டியது நம்மள. நாமதான் அவ வீட்டு மாத்திரைய வாங்கியாந்து சாமி முன்னாடி வச்சிருக்கோம். கமிட்டிக்கு மீசை இல்லாத புருஷனக் கூட்டிட்டுப் போக எனக்கு வெக்கமில்ல. போட்டோவாச் சொவத்துல மாட்டின மீசையக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெரியாது."

பன்னீர்செல்வம் விபூதித் தட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஸ்மாலுன்னு பேரு வச்சவன் எவன்டி?" என்று கேட்டார். சண்டைக்கு இழுக்கும் பழைய குரல். அதைக் கேட்டதும் சந்திரமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை காலை குளியலறைக் கதவு திறந்தபோது பன்னீர்செல்வத்தின் மேலுதடு பளபளவென்று இருந்தது. முளைத்ததைத் தானே வழித்திருந்தார். ஓரத்தில் ஒரு சின்ன ரத்தக் கீறல். மாஸ்க்கைத் தேடிக்கொண்டு வந்த சந்திரமதியிடம் வேண்டாம் என்று கையாட்டினார். விபூதித் தட்டிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு, தெருவே பார்க்க, மூன்றாவது வீட்டுக்கு நடந்தார்.

"இந்தா தாயி, ஒன் மாத்திரை. ஒண்ணுகூடப் பிரிக்கல. எங்க வீட்டு வியாதி கொஞ்சம் பெரிய எடம், இதெல்லாம் அதுக்குப் பத்தாது."

செல்வி அட்டையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. பின்னாலிருந்து தாமஸ் எட்டிப் பார்த்தான். மாத்திரை போன விஷயம் அவனுக்கு நேற்று ராத்திரிதான் தெரிந்திருந்தது, கடுகடுவென்றுதான் வந்தான். அந்தப் பளபளப்பான முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"அண்ணாச்சி, மீசைய எங்க?"

"கைமாத்தாக் குடுத்திருக்கேன் தம்பி. கப்பல் வந்ததும் திரும்பிரும்."

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்றில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போன சந்திரமதி என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அன்றைக்கு என்னவோ கொஞ்சம் தயங்கியது.

"செல்வி, ஒங்க வீட்டுப் பெரிய வாளி இருக்குல்ல? எங்க வாளில ஓட்ட விழுந்திருக்கு. இன்னைக்கி ராத்திரிக்கு வேணும்."

செல்வி உள்ளே ஓடிப்போய்க் கழுவிய வாளியைக் கொண்டுவந்து நீட்டினாள். சந்திரமதி கைப்பிடியைப் பிடிப்பதற்குள்ளேயே அவள் விட்டுவிட்டிருந்தாள்.